தர்மபுரி மைதானத்தை விட்டுப் போகும் கோச் சாருக்கு நன்றி

சார், இந்த வாரத்தோடு கல்லூரி கால்பந்து அணியிடமிருந்து விடைபெறுகிறீர்கள். கோட்டுக்கு வெளியே நின்று பார்த்த ரசிகர்கள் சார்பில் இது.

நம்ம ஊர்ச் செம்மண் தரை வெயிலில் இறுகினால் பந்து தாறுமாறாக எகிறும். பந்தின் காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இருக்க விதி அனுமதிக்கிறது, எகிறல் குறைய நீங்கள் 9-ஐ ஒட்டியே காற்றடிப்பீர்கள். காலையில் அடித்த காற்று மதியச் சூட்டில் விரிந்து அழுத்தம் ஏறும் என்பதால், ஆட்டத்துக்கு முன் மறுபடி அளப்பீர்கள். ஊசியை நனைக்காமல் செருகினால் வால்வு கிழியும் என்று அந்த வேலையைக்கூடப் பிறரிடம் விட்டதில்லை.

யாரும் கேட்காமல் செய்ததுதான் பெரிது. பயிற்சிக்கு முன்பே வந்து கோல் முன்னால் சரளைக்கல் பொறுக்குவீர்கள். கீப்பர் பாய்ந்து விழும் இடம். முழங்கையும் இடுப்பும் சிராய்ப்பது அங்கேதான். கணுக்கால் பிசகியதும் தைலத்தோடு ஓடி வருபவர்களை நிறுத்தி, துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்திப் படுக்கவைப்பீர்கள். உடனே அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும் என்பதைப் பெற்றோருக்கும் பொறுமையாக விளக்குவீர்கள். கோப்பையோடு எடுத்த படங்களில் மட்டும் உங்களைக் காணோம். அது எங்களுக்குப் பெரிய குறை, சார்.

பழைய ஆட்டக்காரர்கள் யாராவது இதை சாரின் கைபேசிக்கு அனுப்பிவிடுங்கள். அவர் இந்த இணையப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.