சுரபாயாவை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்தோனேசிய விடுதலைப் போர் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில், 1945 ஆகஸ்ட் 17 அன்று தலைவர்கள் சுகர்ணோவும் ஹத்தாவும் விடுதலைப் பிரகடனம் செய்தார்கள், 1949 டிசம்பரில் டச்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தார்கள் என்று நாலே வரியில் முடித்துவிட்டீர்கள். சரி, இடம் போதாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த முதல் வருடத்தை இப்படித் தாண்டிப் போகலாமா?

அந்த செப்டம்பர் 19 அன்று ஜாவாத் தீவின் துறைமுக நகரமான சுரபாயாவில் ஒரு ஹோட்டல் மாடியில் டச்சுக் கொடி பறக்க, இளைஞர்கள் மேலே ஏறி அடியிலிருந்த நீலப் பட்டையை மட்டும் கிழித்தெறிந்தார்கள். மிச்சமிருந்த சிவப்பும் வெள்ளையும் அவர்கள் கொடியாகவே ஆகிவிட்டது!

அப்புறம் வந்தது யார்? பிரிட்டிஷ் படை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அக்டோபர் கடைசியில் அந்தத் துறைமுகத்தில் இறங்கியது 49வது இந்தியக் காலாட்படை பிரிகேட், அதாவது தாங்களே அடிமை நாட்டிலிருந்து போன நம் சிப்பாய்கள், இன்னொரு நாட்டின் விடுதலையை அடக்க. அதன் தலைவர் மல்லபி 30ஆம் தேதி கொல்லப்பட்டார். நவம்பர் 10 அன்று விமானங்களும் கப்பல் பீரங்கிகளும் நகரத்தை அடித்து நொறுக்கின, தெருத் தெருவாகச் சண்டை மூன்று வாரம் போல நீடித்தது. இந்தியப் படையை அங்கே பயன்படுத்தியதை நேரு அப்போதே கண்டித்தார். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்த சிப்பாய்களும் உண்டு, அவர்களைப் பற்றித்தான் நம் பத்திரிகைகளில் ஒரு வரிகூடப் பார்க்க முடிவதில்லை.

நவம்பர் 10 அங்கே இன்றும் வீரர்கள் தினம். அந்தத் தேதிக்காவது ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்