கேஜ் நோட்டையும் கேளுங்கள்

ஐயா,

தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம், 'நவீன சுத்திகரிப்பு நிலையம் அமைத்தால் தீர்ந்தது' என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அப்படியொரு நிலையத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். புழுங்கல் அரிசி ஆலை. நெல் ஊறிய தண்ணீர் மறுநாள் எப்படி நாறும் என்று ஆலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தொட்டி காற்றுப் புகாதது. உள்ளே நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று மீத்தேன் விடும். தண்ணீரை மெம்பரேன் என்கிற மெல்லிய வடிகட்டித் தாள்கள் வழியாகப் பம்ப் உறிஞ்சும். அதன் துளை ஒரு மைக்ரானுக்கும் கீழே, அடைக்கத்தான் செய்யும். அடைப்பை விலக்கக் காற்றை ஊதவும் முடியாது, ஆக்சிஜன் பட்டால் மீத்தேன் விடும் உயிர்கள் முடங்கிவிடும். அதனால் மேலே சேரும் வாயுவையே புளோயர் இழுத்து அடியிலிருந்து ஊதும். அந்தக் குமிழி உரசி உரசித்தான் படிவு ஒட்டாமல் இருக்கிறது.

ஒரு ஆனி மாதம் கரண்ட் பில்லைப் பார்த்த சூப்பர்வைசர் புளோயரைப் பாதி நேரம் நிறுத்தச் சொன்னார். "அண்ணாச்சி, தண்ணிதான் வருதுல்லா, பொறவு எதுக்கு அதைச் சும்மா ஓட விடுதிய?" மெம்பரேன் அடைக்க அடைக்கப் பம்ப் இன்னும் பலமாக உறிஞ்ச வேண்டும், அந்த அழுத்தத்தைக் காட்டுவதுதான் கேஜ். பத்தே நாளில் அதன் முள் 0.1 பாரிலிருந்து 0.4-க்கு ஏறிவிட்டது. தினமும் நோட்டில் எழுதினேன். யார் பார்த்தார்கள்?

கடைசியில் வாயுவை வெளியேற்றிவிட்டு மெம்பரேனைத் தூக்கினோம். கஞ்சி ஆறினால் மேலே ஆடை படருமே, அதையே கறுப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். விரலால் வழித்தால் சுருண்டு வந்தது. அதற்கடியில் வெந்நீர் அண்டாவில் பிடிப்பதுபோல வெள்ளைக் கல். நெல் தண்ணீரில் பாஸ்பேட் அதிகம். மெக்னீசியம், அமோனியாவோடு சேர்ந்தால் கல்லாகிவிடும். ஆடையைக் கழுவ ஹைப்போ என்கிற பிளீச்சிங் திரவம், கல்லைக் கரைக்க சிட்ரிக் ஆசிட். நடுவில் நல்ல தண்ணீரில் அலசியே ஆக வேண்டும், இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அவசரத்தில் ஒரு பையன் ஒரே வாளியில் ஊற்றிவிட்டு இரண்டு நாள் இருமிக்கொண்டு கிடந்தான். இன்னொருவர் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்ததில் இரண்டு ஷீட் கிழிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கழுவிய ஹைப்போவைத் தொட்டிக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். உள்ளேயிருந்த நுண்ணுயிர்கள் செத்து, வாயு வருவது நின்றுபோனது. பழையபடி வர ஒன்றரை மாதம். அதுவரை ஊறல் தண்ணீர் ராத்திரியில் ஓடைக்குத்தான் போனது. ஓடை எங்கே போகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

சோதனைக்கு வருகிறவர்கள் ஒரு கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்கள். ஒன்பது வருஷத்தில் ஒருவர்கூட அந்த நோட்டைக் கேட்டதில்லை. இனிமேலாவது கேஜ் நோட்டையும், ஹைப்போ, ஆசிட் வாங்கிய பில்லையும் சேர்த்துப் பார்க்கட்டும். முள் ஏறியிருந்து பில் இல்லையென்றால், அந்த ஆலையின் ஓடைப் பக்கம் ஒருநாள் ராத்திரியில் போய் நின்றால் போதும்.

பெயர் வெளியிட வேண்டாம்.

ஓர் ஆலைத் தொழிலாளி,
திருநெல்வேலி