படிவத்தின் 26ஆம் பகுதி

திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள செந்திலுக்கு, அப்பா எழுதுவது.

படிவத்துக்காக நீ கேட்ட விவரம்: அம்மா பிறந்த ஊர் நெல்லிக்குப்பம். பிறந்த தேதி ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. சான்றிதழில் இருப்பதுதான் சரி, அதையே போடு. அரசு ரகசியங்களைக் கையாள அமெரிக்க அரசின் பாதுகாப்பு அனுமதி வேண்டிய வேலையாம் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை.

கீழ்வீட்டுப் பெண்ணிடம் சொல்லி, அந்த அனுமதிக்கு நீ நிரப்ப வேண்டிய எஸ்எஃப் 86 படிவத்தைப் பிரின்ட் எடுத்தேன். நூறு பக்கத்துக்கு மேல் வந்தது. காகிதத்துக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறாள். பென்சிலால் கோடு போட்டு வாசித்துக்கொண்டே போனவன் 26ஆம் பகுதியில் நின்றுவிட்டேன். கடந்த 7 ஆண்டுகளில் எந்தக் கடனிலாவது 120 நாளுக்கு மேல் பாக்கி விழுந்ததா, கணக்கு ஏதாவது வசூல் நிறுவனத்தின் கைக்குப் போனதா என்று கேட்கிறார்கள். உனக்கு அப்படி ஒன்றும் இருக்காது. பொதுவாகச் சொல்கிறேன்.

கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தவன் சொல்வதைக் கொஞ்சம் கேள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது உனக்கு நினைவிருக்கும். பொங்கல் கழிந்ததும் ஒருவர் விழுந்த பலா மரத்தின் போட்டோவோடு கவுண்டருக்கு வந்தார். இந்த வருடம் முடியாது, அடுத்த வருடத்திலிருந்து இவ்வளவு கட்டுகிறேன் என்று தானாகவே எழுதிக் கொடுத்தார். அவருக்குத் தவணையை மாற்றிக் கொடுத்தோம். இன்னொருவர் எங்கள் ஜீப் சத்தம் கேட்டாலே கொல்லைப்புறமாகப் போய்விடுவார். அவருக்கும் மரம் விழுந்தது நிஜம்தான், ஆனால் ஏலத்துக்கு வந்தது அவர் நிலம்தான்.

அமெரிக்கக்காரன் விதியும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. யாருக்கு அனுமதி தரலாம் என்று முடிவு செய்ய 2017 ஜூன் 8 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டுதலில் 13 தலைப்புகள். பண விவகாரம் ஆறாவது. இத்தனை டாலருக்கு மேல் பாக்கி இருந்தால் அனுமதி கிடையாது என்று அதில் ஒரு தொகை போடவில்லை. கடனில் மூழ்கியவன் பணத்துக்கு விலைபோய்விடுவானோ என்பதுதான் அவர்கள் பயம். வேலை போனதாலோ மருத்துவச் செலவாலோ விழுந்த பாக்கி என்றால், அந்த நிலையிலும் பொறுப்பாக நடந்துகொண்டானா என்று பார்க்கிறார்கள். கடன் கொடுத்தவனிடம் பேசித் தவணை போட்டு, ஒழுங்காகக் கட்டிவருகிற ரசீதைக் காட்டினால் அது உனக்குச் சாதகம்தான்.

மறைப்பதில் ஒரு பயனும் இல்லை. கடன் அறிக்கையை அவர்களே எடுத்துவிடுவார்கள். தெரிந்தே பொய் எழுதினால் 5 ஆண்டு வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. அனுமதி கிடைத்த பிறகும் கண்காணிப்பு நிற்காது. ஆகவே எழுதிவிடு. சின்னத் தொகை, பழைய கதை என்று எதையும் விடாதே, எழுதிவிடு.

உனக்கு வேலை இல்லாத அந்த மாதங்களில் ஒரு மாதம்கூட வீட்டுக்குப் பணம் வராமல் இருந்ததில்லை. எங்கிருந்து வருகிறது என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்றா நினைத்தாய்? முப்பது வருடம் அடுத்தவன் கணக்கைப் பார்த்தவன் நான். பத்து நாள் அனுப்பாவிட்டால் நாங்கள் என்ன பட்டினியா கிடந்திருப்போம்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் பண்ருட்டிச் சித்தப்பாவும் கடைசிவரை எல்லோரிடமும் சிரித்த முகமாகத்தான் இருந்தார். அந்தக் குணம் உனக்கு வேண்டாம்.

ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கு. தவணைக் கடிதம் எழுதத் தெரியாவிட்டால் கேள், வாசகம் நான் சொல்கிறேன்.

வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். திங்கள் காலை ஏழு மணிக்குப் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய்விடுவாள், உனக்கு அது ஞாயிறு இரவு. அப்போது கூப்பிடு.

அப்பா