கயலுக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள கயல்,

உசிலம்பட்டியில் டாக்டராகச் சேர்ந்ததுமே, நோய் இனிக் குணமாகாது என்பதை நோயாளியிடம் சொல்வதா மறைப்பதா என்ற கேள்வி வந்துவிட்டதா? "அப்பாகிட்ட எதுவும் சொல்லிப்புடாதீங்க டாக்டர்" என்று மகன் கும்பிட்டு நின்றால், சரி என்றும் சொல்லாதே, முடியாது என்றும் சொல்லாதே. தனியாக உட்காரவைத்து, சொன்னால் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறார் என்று கேள். "மனசு விட்டுருவாரு, சாப்பிட மாட்டாரு" என்பார். அந்தப் பயம் நியாயம்தான் கண்ணு. "நானாப் போய் எதையும் கொட்ட மாட்டேன். அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்று தெளிவாகச் சொல்லிவை. பெரியவருக்குப் பாதி தெரிந்தேயிருக்கும். எல்லாரும் மறைத்தால் கடன், நிலம், பேத்தி கல்யாணம் எதையும் யாரிடமும் பேசாமலே போய்விடுவார்.

பேசுவதற்கு முன் வலியை அடக்கு. வலியில் துடிப்பவர் காதில் எதுவும் ஏறாது. மார்பின் (morphine) என்ற வலிநிவாரணி மாத்திரை பொதுவாக 5 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திராமல். வயதானவருக்கு 2.5 போதும், சிறுநீரகம் பழுதென்றால் இடைவெளியையும் நீட்டு. நடுவில் வலி கிளம்பினால் ஒருநாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கொடு. குமட்டலும் மயக்கமும் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது. முதல் சீட்டிலேயே மலமிளக்கி எழுது. இல்லையென்றால் வயிறு உப்பி, வீட்டார் மார்பினையே நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார். போனை அணைத்துவிடு. "உங்க உடம்புக்கு என்னன்னு சொல்லியிருக்காங்க ஐயா?" இதுதான் முதல் கேள்வி. "விவரமாச் சொல்லவா, மகன்கிட்டச் சொன்னாப் போதுமா?" இது அடுத்தது. மகனிடமே சொல்லுங்கள் என்றால் அது அவர் விருப்பம், விட்டுவிடு. கேட்க விரும்பினால், "நாம நெனச்ச மாதிரி இல்லைங்கய்யா" என்று தொடங்கி, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பேசாமல் இரு. அவர் அழட்டும். அந்த நேரத்தில் ஸ்கேன் ரிப்போர்ட்டை விளக்காதே.

எத்தனை நாள் என்று கேட்டால் தேதி சொல்லாதே. மாதத்துக்கு மாதம் தளர்ந்தால் மாதக்கணக்கு, வாரத்துக்கு வாரம் என்றால் வாரக்கணக்கு, நாளுக்கு நாள் என்றால் நாள்கணக்கு. "அழகர் ஆத்துல இறங்குறதப் பாத்துருவேனா?" என்று மாசியில் ஒருவர் கேட்டால், "பாக்கணும்னுதான் நானும் ஆசைப்படுறேன். முடியாமலும் போகலாம். பேச வேண்டியவங்களை இப்பவே வரச் சொல்லுங்க" என்று சொல்.

"இனி செய்ய ஒண்ணுமில்ல" என்று மட்டும் உன் வாயில் வரவே கூடாது. மூச்சுத்திணறல், வாய்ப்புண், படுக்கைப்புண் எல்லாவற்றுக்கும் வைத்தியம் இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது வீட்டுக்கே வந்து பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டத்தில் அவர் பெயரைக் கொடு. அவர் கேட்டதையும் நீ சொன்னதையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிடு. ராத்திரி டியூட்டி சிஸ்டர் தெரியாமல் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

அம்மா
மதுரை