லத்தீன் செத்துவிட்டதா? எங்கள் தெரு மதிலைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மேலைநாட்டு நாகரிகத்தின் வேர்களைப் பற்றி வந்த கட்டுரையையும், மறுவாரம் அதற்கு ஒரு வாசகர் எழுதிய பதிலையும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து படித்தேன். கட்டுரையாளர் ஏதென்சையும் ரோமையும் பளிங்குத் தூண் பளிங்குத் தூணாகச் சுற்றிக் காட்டிவிட்டு, லத்தீன் செத்த மொழி என்று கதவைச் சாத்திவிட்டார். வாசகரோ, வெள்ளைக்காரன் பாட்டன் கதை நமக்கு எதற்கு, நம்மிடம் இல்லாததா என்று கேட்டிருந்தார். இரண்டு பேரோடும் எனக்கு வழக்கு இருக்கிறது.

எனக்கு வயது 78. நாற்பது வருடம் இங்கே வக்கீல் தொழில் பார்த்தேன். அப்பா சாயங்காலத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அடி கொடுத்துச் சொல்லிக்கொடுத்ததால்தான் இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுத முடிகிறது. என் பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினால் கால்வாசி புரியும்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பாக்கி பின்பக்கமாக வந்து எதிர்வீட்டு மதிலில் மோதி, எட்டடி நீளத்துக்குச் சாய்த்துவிட்டது. (பாக்கி என்றால் இங்கே பின்னால் திறந்த சின்னச் சரக்கு வண்டி. உங்கள் ஊர்க் கடன்பாக்கி இல்லை.) எதிர்வீட்டுப் பெண் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தது. "அங்கிள், கேஸ் போடலாமா?" போடலாம்மா என்றேன். எந்தச் சட்டப்படி என்று அது கேட்கவில்லை. கேட்டிருந்தால், கி.மு. 287-இல் ரோமாபுரியில் லத்தீனில் போட்டதாகச் சொல்லப்படும் அக்வீலியச் சட்டப்படி என்று சொல்லியிருப்பேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1652-இல் கேப் முனையில் இறங்கிய டச்சுக்காரர்கள் ரோமச் சட்டமும் தங்கள் ஊர் வழக்கமும் கலந்த ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் அதை நீக்கவில்லை. 1994-க்குப் பிறகு வந்த புது ஆட்சியும் அடியோடு வீசவில்லை. கவனக்குறைவால் ஒருவன் இன்னொருவன் பொருளைக் கெடுத்தால் போடும் வழக்குக்கு இன்றும் இந்த நாட்டு நீதிமன்றங்களில் அக்வீலிய வழக்கு என்றுதான் பெயர். செத்த மொழி எங்கள் தெருவில் மதில் கட்டித் தர வேண்டியிருக்கிறது.

நான் படித்த காலத்தில் இந்தியருக்கென்று ஒதுக்கிய கல்லூரி துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டிடங்களில் நடந்தது. படகில் போய் வர வேண்டும். அட்வகேட் ஆக வேண்டுமானால் லத்தீனில் தேற வேண்டும் என்று அப்போது சட்டமே இருந்தது. 1990-களின் நடுவில்தான் அது போயிற்று. கரும்புத் தோட்டத்துக் குடும்பத்துப் பையன்கள் படகில் நின்றுகொண்டு வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்வோம். எனக்கு அது கஷ்டமாக இல்லை. ஐ, ஆல், கு என்று அப்பாவிடம் ஏற்கெனவே அடி வாங்கியவன் ஆயிற்றே. தமிழில் எட்டு, லத்தீனில் ஆறு, இரண்டு மிச்சம் என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பாடங்களில் எங்களுக்குப் பிடித்தது நாவிதன் வழக்கு. கிழக்கு ரோமச் சக்கரவர்த்தி ஜஸ்டினியன் 533-இல் வெளியிட்ட 50 புத்தகச் சட்டத் தொகுப்பில், ஒன்பதாவது புத்தகத்தில் இருக்கிறது. தெருவில் சிலர் பந்து விளையாடுகிறார்கள். பக்கத்தில் ஒரு நாவிதன் நாற்காலி போட்டு ஒருவனுக்குச் சவரம் செய்கிறான். பந்து வேகமாக வந்து நாவிதன் கையில் பட, கத்தி கழுத்தை அறுத்துவிடுகிறது. குற்றம் யாருடையது? பந்தை அடித்தவனா? விளையாடும் இடத்தில் நாற்காலி போட்ட நாவிதனா? அப்படிப்பட்ட இடத்தில் போய்க் கழுத்தை நீட்டியவனே தன்னை நொந்துகொள்ள வேண்டியதுதானா? ரோம அறிஞர்கள் மூன்று பக்கமும் பேசியிருக்கிறார்கள். நாங்களும் படகில் மூன்று கட்சியாகப் பிரிந்து கத்துவோம். கிரே தெரு சலூன்காரர் பேரை வைத்தே வாதம் நடக்கும்.

முப்பது வருடம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. கழுத்து அறுபட்டவன் ஓர் அடிமை. கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அந்த ஒரு சொல்லைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். அவன் உயிர் போனதற்கு யார் பொறுப்பு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவனுடைய எசமானுக்கு யார் பணம் கட்டுவது என்பதுதான் கேள்வி.

உறைக்க வைத்தது ஒரு கப்பல் பட்டியல். 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் மதராசிலிருந்து 342 பேரைக் கொண்டுவந்து டர்பனில் இறக்கியது. அது முதல் கப்பல். 1911 வரை இப்படி ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். என் பாட்டனாரின் தகப்பனார் வந்தது பின்னால் ஒரு கப்பலில். ஆவணக் காப்பகத்தில் பெயரைத் தேடி எடுத்தேன். ஒரே ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, வட ஆற்காட்டில் ஓர் ஊர். கடைசிக் கட்டத்தில் அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு. மாடு வாங்குகிறவன் சுழி பார்த்து எழுதி வைத்தது போல இருந்தது.

அன்று ராத்திரி அக்வீலியச் சட்டத்தின் முதல் பிரிவை மறுபடி எடுத்துப் படித்தேன். பிறருடைய அடிமையையோ நாற்கால் மந்தை விலங்கையோ முறைகேடாகக் கொன்றவன், அந்த வருடத்தில் அதற்கு இருந்த மிக உயர்ந்த விலையை உடையவனுக்குக் கொடுக்க வேண்டும். அடிமையும் மாடும் ஒரே வாக்கியத்தில், ஒரே மூச்சில். பின்னால் வந்த உரைகாரர்கள் மந்தை விலங்கு எது என்பதில் மெனக்கெட்டிருக்கிறார்கள்: நாய் சேராது, பன்றி சேரும், யானையும் ஒட்டகமும் சேரும். அடிமை சேர்வதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வர்ரோ என்ற ரோமர் எண்பதாவது வயதில், நிலம் வாங்கிய தன் மனைவிக்காக ஒரு வேளாண்மை நூல் எழுதினார். அதில் பண்ணைக் கருவிகளை மூன்றாகப் பிரிக்கிறார்: பேசாதது வண்டி, அரைகுறையாகப் பேசுவது மாடு, பேசுவது அடிமை.

கிரிமிட்டு, அதாவது இவர்களைக் கொண்டுவந்த அந்தக் கூலி ஒப்பந்தம், அடிமைத்தனம்தானா என்று கேட்டால், வக்கீலாக நான் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. கொள்ளுப்பேரனாக அந்த வாதத்தை நான் எந்தக் கோர்ட்டிலும் எடுத்துப் பேச மாட்டேன்.

கட்டுரையாளரோடு என் வழக்கு இதுதான். வேர் என்று தோண்டினால் மண்ணோடுதான் வரும். அவர் கழுவித் துடைத்து மேசையில் வைத்துவிட்டார். அரிஸ்டாட்டிலின் அறத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியவர், அதே அரிஸ்டாட்டில் அடிமையை உயிருள்ள கருவி என்று எழுதியதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். அதே சமயம், தன் உடம்பின் அங்கங்களுக்கு எவனும் உடைமைக்காரன் ஆக மாட்டான், ஆகவே காயம்பட்ட சுதந்திர மனிதனுக்கு நேரடியாக இந்தச் சட்டம் பொருந்தாது என்று ரோமச் சட்ட அறிஞர் உல்பியன் முடிச்சுப் போட்டதையும், அந்த முடிச்சை அவிழ்த்து அவனுக்கும் வழக்குப் போட வழி செய்ததையும் சேர்த்துப் படித்தால், நியாயம் எவ்வளவு மெதுவாக நகர்ந்து வந்திருக்கிறது என்பது தெரியும். எனக்கு அது எந்தப் பளிங்குத் தூணையும்விடப் பெரிசு.

வாசகருக்கு ஒரு வார்த்தை. வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. கிரேக்கத்தில் எழுதிய கடன் பத்திரம். பழைய சேரர் துறைமுகமான முசிறியோடு நடந்த வியாபாரத்துக்கான கடன். செங்கடல் கரையில் இறங்கிய சரக்கை ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனம் தாண்டி, நைல் ஆற்றில் அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுபோய், கடன் கொடுத்தவன் முத்திரையின் கீழ் பூட்டி வைக்க வேண்டும். தவணை தவறினால் சரக்கு அவனுக்கு. என் ஆபீசில் நான் எழுதிய பத்திரங்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. இந்தக் கரையில் நம் அகநானூற்றுப் புலவர் யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைப் பாடிவிட்டார். அந்தக் கரையில் வட்டிக்காரன் பத்திரம் எழுதினான். இதில் அவர்கள் கதை எங்கே முடிகிறது, நம் கதை எங்கே தொடங்குகிறது என்று அவர் கோடு போட்டுக் காட்டட்டும்.

ராபன் தீவுச் சிறையில் கைதிகள் கிரேக்கக் கவி சோஃபோக்ளிசின் அன்டிகனி நாடகத்தைப் போட்டபோது, அன்டிகனி தன் அண்ணன் பிணத்தைப் புதைக்கக் கூடாது என்று தடுக்கும் அரசன் கிரியோன் வேஷத்தைக் கட்டியவர் மண்டேலா. வெள்ளைக்காரன் பாட்டன் கதை என்று அவர்கள் ஒதுக்கியிருந்தால், வெள்ளைக்காரன் சிறையில் அதைப் போட்டிருப்பார்களா?

கடைசியாக ஒரு திருத்தம். ஜஸ்டினியன் ரோமில் அமர்ந்து சட்டம் தொகுத்ததாகக் கட்டுரையில் இருக்கிறது. அவர் இருந்தது கான்ஸ்டாண்டிநோபிளில். அப்போது ரோம் ஆஸ்ட்ரோகாத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் கையில் இருந்தது. அவருடைய முதல் சட்டக்கோவை வெளிவந்த அதே 529-இல்தான் ஏதென்சில் தத்துவப் பாடம் நடத்துவதையும் அவர் நிறுத்தினார் என்பதைச் சேர்த்துக்கொண்டால் கட்டுரை இன்னும் சுவைக்கும்.

எதிர்வீட்டு மதில் இன்னும் கிடக்கிறபடியே கிடக்கிறது. நோட்டீஸ் அனுப்பியாயிற்று. பாக்கிக்காரர் பாக்கியைக் கட்டவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா