திருக்கடையூருக்கு எங்கே இறங்க வேண்டும்?

பொறையாறு

அன்பு மகளுக்கு,

நேற்று போனில், "அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர்லதானே, ரயில்ல வந்தா எங்கப்பா இறங்கணும்?" என்று கேட்டாய். மயிலாடுதுறை என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் வெகுநேரம் தூக்கம் வரவில்லை. நான் காலேஜ் படிக்கும்போது இதையே யாராவது கேட்டிருந்தால், "திருக்கடையூரிலேயே இறங்குங்க" என்று சொல்லியிருப்பேன்.

மாயவரத்திலிருந்து, அதாவது இப்போதைய மயிலாடுதுறையிலிருந்து, தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர்கேஜ் ரயில் பாதை இருந்தது பாப்பா, ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம். சுமார் முப்பது கிலோமீட்டர்தான். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு, அதற்கப்புறம் தரங்கம்பாடி, கடல். 1926-ல் வந்தது. 1986-ல் நிறுத்திவிட்டார்கள். எனக்கு இப்போது முடிகிற அதே அறுபது வயசு அதற்கும்.

தரங்கம்பாடி கோட்டைக்கு உன்னைச் சின்ன வயதில் தோளில் தூக்கிப் போயிருக்கிறேன். 1620-ல் தஞ்சாவூர் நாயக்கரிடம் இடம் வாங்கி டென்மார்க்காரர்கள் கட்டியது. 1845-ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் போட்டதும் சரக்கும் கப்பலும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. பக்கத்து ஊருக்கு ரயில் வந்ததால் படுத்துப்போன ஊர் இது. தன் ரயிலுக்காக அப்புறம் அறுபத்தைந்து வருஷம் காத்திருந்தது.

உன் தாத்தாவின் டீக்கடை பொறையாறு ஸ்டேஷனுக்கு எதிரே இருந்தது. விடியற்காலை வண்டிக்கு எட்டு லிட்டர் பால் காயும். தரங்கம்பாடியிலிருந்து மீன்கூடைக்காரம்மாக்கள் வண்டியிலேயே வருவார்கள். இறங்க நேரம் இருக்காது. நான் டீ கிளாஸ்களைக் கம்பி வளையத்தில் அடுக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடுவேன். சும்மாட்டுத் துணி முனையிலிருந்து அவர்கள் அவிழ்த்துத் தரும் காசு ஈரமாக இருக்கும், மீன் வாசனை அடிக்கும். தாத்தா அதைத் தனி டப்பாவில் போட்டுச் சாயங்காலம் கழுவுவார். ஸ்டேஷன் வாசலில் வாடகை சைக்கிள் கடை, நாலைந்து ஒற்றை மாட்டு வண்டி, ஒரு இட்லிக்கடை. எல்லாமே வண்டி நேரத்தைப் பார்த்துத்தான் அடுப்பு மூட்டும், கதவு திறக்கும்.

மன்னம்பந்தல் காலேஜுக்கு மூன்று வருஷம் அந்த ரயிலில்தான் போய்வந்தேன். வெள்ளைச் சட்டையில் கரித்தூள் புள்ளி புள்ளியாக ஒட்டும். உன் அப்பாயி திட்டிக்கொண்டே துவைப்பார்.

நஷ்டத்தில் ஓடுகிறது என்றார்கள். பொய் இல்லை. ஒரு நாளைக்குச் சில தடவைதான் ரயில், பஸ்ஸோ நின்றால் வந்துவிடும். ஜனங்கள் மாறிவிட்டார்கள், நாங்களும் அவசரத்துக்குப் பஸ்தான் ஏறினோம். ஆனால் எங்கள் கடையில் விற்ற டீ அந்த நஷ்டக் கணக்கில் வராது பாப்பா. கூடையோடு பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் இறக்கிவிட்ட அம்மாக்களும் வரமாட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

தாத்தா ஒரு வருஷம் கடையை அங்கேயே வைத்திருந்தார். பால் இரண்டு லிட்டருக்கு இறங்கியது. தண்டவாளத்தைக் கழற்ற ஆட்கள் வந்தபோது அவர்கள்தான் கடைசி வாடிக்கை. அவர்களுக்கும் டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு, அந்த வாரமே பெஞ்சைத் தூக்கி பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டார். சைக்கிள் கடைக்காரர் திருப்பூர் போய்விட்டார்.

பக்கத்தில் பேரளம்–காரைக்கால் பாதையையும் எண்பதுகளில்தான் மூடினார்கள். அதை இப்போது அகலப்பாதையாகத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். நம்ம பாதைக்கும் இங்கே விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் ஒரு மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னாடியே வந்துவிடு. தாத்தாவின் பெட்டியில் ஒரு அட்டை டிக்கெட் இருக்கிறது, பொறையாறிலிருந்து மாயவரம். ஓரம் மழுங்கிவிட்டது, தேதி மட்டும் தடவினால் விரலுக்குத் தெரியும். அதை உன்னிடம் கொடுக்கவேண்டும். மறுநாள் விடியற்காலை ரயில் மேட்டில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவோம், ஸ்டேஷன் இருந்த இடத்தைக் காட்டுகிறேன். கனமான செருப்பாகப் போட்டுக்கொண்டு வா, மேடு முழுக்கக் கருவேல முள்.

அப்பா