மேட்டூர் நிலவரத்தைப் படமாகப் போட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் பிறந்துவிட்டால் டெல்டாவில் தலைப்புச் செய்திக்கு முன்பே தேடிப் படிக்கப்படுவது மேட்டூர் நிலவரம்தான். நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, நீர் திறப்பு என்று காலை 8 மணிக் கணக்கைத் தாங்கள் தவறாமல் வெளியிடுகிறீர்கள். அச்சில் அதற்கு மேல் இடம் இருக்காது, சரி. இணையதளத்திலும் அதே பெட்டியைப் படமாக எடுத்து ஒட்ட வேண்டுமா? படத்தில் இருக்கும் எண்ணைத் தேட முடியாது. போன ஆண்டு இதே நாளில் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிட முடியாது. பார்வையற்ற வாசகரின் கைபேசியாலும் அதைச் சரியாக வாசித்துக் காட்ட முடியாது. விரல் வைத்தால் அந்த நாளின் கணக்கைக் காட்டும் வரைபடமாக அதை மாற்றுவதற்கு நிரல் எழுதத் தெரிந்த ஆள் தேவையில்லை. எக்செல் பழகிய உதவி ஆசிரியர் ஒருவரே போதும்.

இதற்கென்றே இருக்கும் சேவைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று பெர்லினிலிருந்து வரும் டேட்டாராப்பர். மற்றொன்று லண்டனில் தொடங்கி, 2022-ல் கான்வா நிறுவனத்தின் கைக்குப் போன ஃப்ளரிஷ். இரண்டிலும் இலவசக் கணக்கு உண்டு. ஃப்ளரிஷின் இலவசக் கணக்கில் வெளியிடுவது எல்லாம் ஊரறியப் போய்விடும் என்பதால், பெயரும் கைபேசி எண்ணும் உள்ள பயனாளிகள் பட்டியல் போன்றவற்றை அங்கே ஏற்றவே கூடாது. ஒன்றையொன்று முந்தி ஓடும் பட்டைகள் ஃப்ளரிஷுக்குப் பேர்போனவை. பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஓடி முடிந்த பிறகு ஒரு எண்ணும் மனதில் நிற்காது. அணைக் கணக்குக்கு டேட்டாராப்பரின் சாதாரணக் கோட்டு வரைபடமே மேல்.

உண்மையான வேலை வரைபடத்தில் இல்லை, அட்டவணையில்தான் இருக்கிறது. கூகுள் ஷீட்ஸில் ஒரு நாளுக்கு ஒரு வரிசை. நாள், அடி, டிஎம்சி (நூறு கோடி கனஅடி), வரத்து, திறப்பு என ஐந்து பத்திகள். அலகைத் தலைப்பில் மட்டும் எழுத வேண்டும். கட்டத்துக்குள் '12,000 கனஅடி' என்று அடித்தால் மென்பொருள் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் எழுத்தாகவே பார்க்கும், கோடு வராது. தேதியை 2024-06-12 என்று ஆண்டு முன்னால் வரும்படி போடுவது நல்லது. 12/06/2024 என்று எழுதினால் அமெரிக்க வழக்கப்படி டிசம்பர் 6 ஆகிவிடும் அபாயம் உண்டு. மாதத்தின் முதல் 12 நாள்களில் மட்டுமே இப்படி மாறும் என்பதால் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படுவதுமில்லை. கணக்கு கிடைக்காத நாளில் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். பூஜ்யம் போட்டால் அணை ஒரே நாளில் வற்றி மறுநாள் நிரம்பியதாகக் கோடு பாதாளத்துக்குப் போய்த் திரும்பும். கட்டங்களை ஒன்றாக இணைத்து அழகுபடுத்துவதும் ஆகாது.

தமிழுக்கு என்று தனித் தொல்லை ஒன்று இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த அட்டவணைகள் இங்கே பல அலுவலகங்களில் இன்னும் புழங்குகின்றன. அதை அப்படியே ஒட்டினால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் நிற்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். எக்செல்லிலிருந்து சிஎஸ்வி கோப்பாக (அட்டவணையை வெறும் எழுத்தாக வைக்கும் கோப்பு) சேமிக்கும்போது 'யுடிஎஃப்-8' என்று இருக்கும் சிஎஸ்வி வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதில் சேமித்தால் ஊர்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

டேட்டாராப்பரில் படிகள் நான்கு: தரவை ஏற்றுதல், சரிபார்த்தல், வரைதல், வெளியிடுதல். இரண்டாம் படியைப் பலரும் தாண்டிப் போகிறார்கள், அங்கேதான் நின்று பார்க்க வேண்டும். எண்கள் நீலமாகவும் தேதிகள் பச்சையாகவும் தெரிந்தால் சரி. சிவப்பு தெரிந்தால் அந்தக் கட்டத்தில் கோளாறு. மூன்றாம் படியில் இந்த ஆண்டின் கோட்டை மட்டும் தடித்த அடர்நீலமாக்கி, மற்ற ஆண்டுகளைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிடலாம். ஆண்டுக்கு ஒரு நிறம் கொடுத்தால் வாசகர் நிறக்குறிப்பைத் தேடியே களைத்துப்போவார்.

ஆண்டு ஒப்பீட்டுக்கு ஜனவரி முதல் டிசம்பர் என்று வரையக் கூடாது. நமக்குத் தண்ணீர் ஆண்டு ஜூன் 1-ல் தொடங்கி மே 31-ல் முடிகிறது. ஜனவரியில் தொடங்கினால் சம்பாவின் நடுவில் வெட்டு விழும். இதற்குத் தனி ஷீட் ஒன்று வைத்து, ஆண்டுக்கு ஒரு பத்தி கொடுத்து, நாள் பத்தியில் எல்லா ஆண்டுக்கும் பொதுவாக 2023-06-01 முதல் 2024-05-31 வரை நிரப்ப வேண்டும். 2024-ல் பிப்ரவரி 29 இருப்பதால் லீப் ஆண்டும் அடங்கிவிடும். வரைபடத்தின் கிடை அச்சில் மாதப் பெயர் மட்டும் தெரியும்படி அமைத்தால் இந்தப் போலி ஆண்டு வெளியே தெரியாது. அணையை 2023-ல் வழக்கமான ஜூன் 12-ல் திறந்ததும், 2024-ல் ஜூலை 28 வரை தள்ளிப்போனதும் ஒரே பார்வையில் புரியும். 2022-ல் மே 24-லேயே திறந்தது மட்டும் முந்தைய தண்ணீர் ஆண்டுக் கோட்டின் கடைசியில் வரும். இந்தத் தேதிகளைக் கோட்டின் மேலேயே சிறு குறிப்பாக எழுதும் வசதியும் அந்த மூன்றாம் படியில் உண்டு.

எதை வரைவது என்பதிலும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அடிக்கணக்கு எல்லோருக்கும் வாய்ப்பாடம், ஆனால் அது ஏமாற்றும். மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. 100 அடியில் இருப்பது ஏறக்குறைய 65 டிஎம்சி. அடியில் ஆறில் ஒரு பங்குதான் இறங்கியிருக்கிறது, தண்ணீரிலோ பத்தில் மூன்று பங்கு போய்விட்டது. அணை மேலே போகப் போக அகன்றுகொண்டே போவதால் வரும் வித்தியாசம் இது. ஆகவே முதன்மைக் கோடு டிஎம்சியாக இருக்கட்டும். விரல் வைக்கும்போது அடியும் சேர்ந்து தெரியட்டும். திறப்பைக் கனஅடியில் மட்டும் சொல்லாமல், விநாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி என்ற கணக்கையும் வரைபடத்தின் அடியில் ஒரு வரி போட்டுவிடலாம். மேட்டூர் திறப்பையும் கல்லணைத் திறப்பையும் ஒரே படத்தில் வைத்தால், தண்ணீர் வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும் என்று குறிப்பிடாவிட்டால் இடையில் தண்ணீரை யாரோ மறித்துவிட்டதாக வதந்தி கிளம்பும்.

கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி நீரை எல்லையில் அளக்கும் பிலிகுண்டுலுவின் கணக்கு இன்னொரு நல்ல வரைபடம். உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி தீர்ப்பின்படி நமக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76. இவற்றை மாத வாரியாகத் தனித்தனிப் பட்டையாக வரைவதைவிடக் கூட்டிக்கொண்டே போகும் கோடாக வரைய வேண்டும்: ஜூன் இறுதியில் 9.19, ஜூலை இறுதியில் 40.43, ஆகஸ்ட் இறுதியில் 86.38, செப்டம்பர் இறுதியில் 123.14. பக்கத்தில் உண்மையில் வந்த தண்ணீரின் கோடு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் நிலுவை.

மகசூல் போன்றவற்றை மாவட்ட மேப்பில் நிறம் தீட்டிக் காட்டும்போது கவனம் வேண்டும். மயிலாடுதுறை 2020-ல்தான் தனி மாவட்டமானது. பழைய எல்லைக் கோப்புகளில் அது நாகப்பட்டினத்துக்குள் அடங்கிக் கிடக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கிலும் அப்படியே. மேப்பை எடுத்ததும் 38 மாவட்டங்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தஞ்சை, தஞ்சாவூர் என்று ஒரே பத்தியில் இருவிதமாக எழுதினால் ஒன்று நிறமில்லாமல் நிற்கும். நிறத்துக்கு மொத்த மகசூலை எடுக்காமல் ஹெக்டேருக்கு எவ்வளவு என்பதையே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய மாவட்டமே எப்போதும் அடர்நிறமாகத் தெரியும்.

டேட்டாராப்பரின் கடைசிப் படியில் கிடைக்கும் சிறு குறியீட்டை நகலெடுத்து, இணையதளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் 'கஸ்டம் எச்டிஎம்எல்' பெட்டியில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒட்டிச் சேமித்ததும் அது மாயமானால், ஒட்டியவரின் கணக்குக்கு அனுமதி போதவில்லை என்று பொருள். 'ஆதர்' நிலைக் கணக்கில் பாதுகாப்புக்காக அதை நீக்கிவிடுவார்கள், 'எடிட்டர்' நிலை வேண்டும். உயரம் தானே மாறும் 'ரெஸ்பான்சிவ்' குறியீட்டையே எடுக்க வேண்டும். இல்லையேல் கைபேசியில் பெட்டிக்குள் பெட்டியாக நகர்த்த நேரிடும். கைபேசியில் சுட்டி கிடையாது என்பதால், முக்கியமான எண்கள் விரல் வைக்காமலே தெரிய வேண்டும். நீண்ட தமிழ்ப் பெயர்களுக்குப் படுக்கைப் பட்டையே பொருந்தும், நின்ற பட்டையில் எழுத்துகள் சாய்ந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும். வடிவத்தில் எதைத் திருத்தினாலும் மீண்டும் வெளியிடும் பொத்தானை அழுத்தாதவரை வாசகர் பழையதையே பார்ப்பார்.

கூகுள் ஷீட்டை 'பப்ளிஷ் டு வெப்' வழியே வெளியிட நேர்ந்தால், முழு ஆவணம் என்பதே இயல்பாகத் தேர்வாகியிருக்கும். தேவையான ஷீட்டை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தக் குறுவைப் பருவத்திலேயே மேட்டூர் கணக்கை மட்டுமாவது இப்படித் தொடங்குங்கள். வரைபடத்தின் கீழே தரவைப் பதிவிறக்கும் இணைப்பையும் அணைக்காமல் வையுங்கள். பாசனதாரர் சங்கங்களும் கல்லூரி மாணவர்களும் அதை எடுத்துத் தங்கள் கணக்கோடு வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள்,
மன்னார்குடி.